தாலி கட்டும் நேரத்தில் எத்தனை கேமரா?

தாலி கட்டுவது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் நாத்தனார் குனிகிறார். அந்த நெரிசலில் ஒற்றைக் கேமரா எதைப் பிடிக்கும்? விரல்களை எடுத்தால் பெண்ணின் முகம் போகும். முகத்தை எடுத்தால், ஓரமாக நின்று கண்ணைத் துடைக்கும் அப்பா போய்விடுவார். முகூர்த்தத்துக்கு ரீடேக் கிடையாது. இரண்டாவது கேமராவுக்கு இந்த ஒரு நியாயமே போதும்.

பாதுகாப்பு இன்னொரு நியாயம். 2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபின் கல்யாண வீடியோவும் சினிமா போலத் தோன்ற ஆரம்பித்தது. ஆனால் அந்தக் கேமரா, ஒரு கோப்புக்கு 4 ஜிபி என்ற வரம்பால், ஒரே மூச்சில் 12 நிமிடம்தான் பதிவு செய்யும். பிறகு வந்த பலவும் 29 நிமிடம் 59 நொடியில் தாமாக நின்றன. அதற்கு மேல் ஓடினால் ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்கான சுங்கவரி விழும் என்பதால் வைத்த வரம்பு அது. ஆகவே மண்டபத்தின் பின்வரிசையில், உயரமான ஸ்டாண்டில், நிற்காமல் ஓடும் ஒரு வைடு கேமரா தேவை. ஆல்பத்தில் யாரும் அதைப் பாராட்டுவதில்லை. ஆனால் மற்றவை தவறும்போதெல்லாம் எடிட்டர் அதனிடம்தான் ஓடுகிறார்.

எண்ணிக்கையே பேக்கேஜின் விலையாக மாறும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. டிரெடிஷனல் வீடியோ, கேண்டிட் வீடியோ, இரண்டு போட்டோகிராபர்கள், கிம்பலோடு ஒருவர், லைட் பிடிக்க உதவியாளர்கள் என மணவறையைச் சுற்றி முதுகுகளால் ஒரு சுவர் எழும்புகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, பத்தடி தூரத்தில் நடக்கும் பேத்தியின் கல்யாணத்தை எல்இடி திரையில் பார்க்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. “சாமி, ஒரு நிமிஷம்” என்று மந்திரத்தை நிறுத்துவதும், தாலியைத் தூக்கிப் பிடித்தபடி கேமராவைப் பார்க்கச் சொல்வதும் அதைவிட மோசம். எதையும் திரும்பச் செய்யச் சொல்லாமல் இருக்கத்தானே இத்தனை கேமரா? நான்கு இருந்தும் நிறுத்தச் சொன்னால், நான்கும் எதற்கு?

எடிட்டிங் அறையின் பாடு தனி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா மூன்று மணி நேரம் ஓடினால் 400 ஜிபியைத் தாண்டும். ஒருவர் 25 ஃபிரேமில், இன்னொருவர் 30 ஃபிரேமில் எடுத்திருந்தால் அசைவு பொருந்தாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை மறந்து ஷட்டரை வைத்தால் மண்டப விளக்கு மினுங்கும். ஒயிட் பேலன்ஸ் ஆளுக்கொரு விதமானால் ஒரே கூரைப்புடவை ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். முகூர்த்தத்துக்கு முன் ஐந்து நிமிடம் கூடிப் பேசினால் தீரும் குறைகள் இவை. வேறு வேறு ஸ்டுடியோவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அப்படிப் பேசிக்கொள்வதில்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒலி. கேமரா கூடுகிறது, மைக் கூடுவதில்லை. கேமராவிலுள்ள மைக்குகள் எல்லாம் நாதஸ்வரத்தையும் தவிலையும் தூரத்திலிருந்தே அள்ளுகின்றன. மணவறையில் ஒருவர் குனிந்து பெண்ணின் காதில் சொன்ன வாழ்த்து அதில் மூழ்கிவிடுகிறது. ஹைலைட்ஸில் சினிமாப் பாட்டைப் போட்டு அந்த இழப்பை மறைக்கிறார்கள். நான்காவது கேமராவின் வாடகையை மாப்பிள்ளை சட்டையில் ஒரு காலர் மைக்குக்கும் புரோகிதர் பக்கத்தில் ஒரு ரெக்கார்டருக்கும் செலவழிக்கலாம்.

நடுத்தரமான ஒரு மண்டபத்துக்கு மூன்று போதும் என்பது என் கணிப்பு: பின்னால் அசையாத வைடு, பக்கவாட்டில் 70–200 லென்ஸோடு மணமக்களின் முகத்துக்கு ஒன்று, உறவுகளின் பக்கம் திரும்பி ஒன்று. மூவரும் ஒரே ஆளின் சொல்லைக் கேட்க வேண்டும். நீள லென்ஸ் இருப்பதால் யாரும் மணவறை மேல் ஏற வேண்டியதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஸ்டுடியோக்காரரிடம், கேமராக்கள் எங்கே நிற்கும், மைக் எங்கே இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.