எறும்பின் பொய்க்கால்களும் மிருதங்கத்தின் கரணையும்

கிரகணம் வந்தால் தமிழ்நாட்டில் சில வீட்டு வாசல்களில் தாம்பாளமும் வந்துவிடும். மஞ்சள் கரைத்த நீர், நடுவில் உலக்கை. பிடித்த கையை எடுத்ததும் உலக்கை விழாமல் நிற்கும். தெரு கூடும், யாராவது செல்போனில் படம் பிடிப்பார்கள், மதியத்துக்குள் அது நாலு மாவட்டம் கடந்திருக்கும். இதற்கு அறிவியல் இயக்கத்தார் சொல்லும் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். உலக்கையின் பூண் தட்டையானது, நாளைக்கும் நிறுத்திப் பாருங்கள், நிற்கும் என்பார்கள். வாதமும் இல்லை, கேலியும் இல்லை. நம்புவதற்கு முன் செய்துபார்க்கும் வழியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அறிவியலின் நல்ல செய்தியையும் விநோதச் செய்தியையும் சாதாரண வாசகரிடம் கொண்டுபோகும் எழுத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. அந்த எழுத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: கண்டுபிடித்தது என்ன என்பதைவிட, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில். முதலாவதை மட்டும் சொன்னால் வாசகர் வியந்துவிட்டு மறந்துவிடுவார். இரண்டாவதையும் சொன்னால், அடுத்த செய்தியை அவரே எடைபோடத் தொடங்குவார்.

தமிழில் இந்தத் துறை நேற்றுப் பிறந்ததல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அது மாணவருக்கான எழுத்து. தெருவில் போகும் மனிதருக்கான எழுத்து என்றால் பெ.நா. அப்புசுவாமியிடம்தான் வர வேண்டும். 1891இல் பிறந்து 1986 வரை வாழ்ந்த இந்த வழக்கறிஞர், மின்சாரம், வானொலி, அணு என்று தம் காலத்தின் புதுமைகளையெல்லாம் தமிழில் எழுதினார். அவர் நடை நிதானமானது, வாசகரை அவசரப்படுத்தாது. 1940களின் இறுதியில் கோயம்புத்தூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘கலைக்கதிர்’ கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திண்ணை போட்டது. 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ பிறந்தது. குழந்தைகள் வாசிப்பதோடு நிற்காமல் செய்தும் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு உண்டு.

பரந்த வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், ஜூனியர் விகடனில் ‘ஏன் எதற்கு எப்படி’ பகுதியில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். டீக்கடையிலும் பேருந்திலும் அறிவியல் பேச்சுப் பொருளானதில் அந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் பதில்கள் சுருக்கமானவை, துடிப்பானவை. ஆனாலும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். கேள்வி–பதில் வடிவத்தில் பதில் சீக்கிரம் வந்துவிடுகிறது. அந்தப் பதிலுக்காக யாரோ ஓர் ஆய்வாளர் பட்ட பாடு, போட்ட தப்புக் கணக்கு, மாற்றிச் செய்த சோதனை எல்லாம் வெளியே நின்றுவிடுகின்றன. சுஜாதாவுக்குப் பின் வந்தவர்கள் அவரிடமிருந்து வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘உங்களுக்குத் தெரியுமா’ பெட்டிச் செய்திகள் பெருகின. தேன் கெடாது, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். உண்மைதான், ஆனால் கூழாங்கற்கள் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன.

வழியைச் சொல்வது என்றால் என்ன என்பதற்கு ஓர் எறும்பைக் காட்டுகிறேன். துனீசியாவின் உப்புப் பாலைவனத்தில் வாழும் காட்டாக்ளிஃபிஸ் எறும்பு, இரை தேடி வளைந்து வளைந்து வெகுதூரம் போகும். இரை கிடைத்ததும் நேர்கோட்டில் புற்றுக்குத் திரும்பும். திசையை வானத்து ஒளியிலிருந்து அறிகிறது என்பது முன்பே தெரியும். தூரம் எப்படித் தெரிகிறது? காலடிகளைக் கணக்கு வைக்கிறதோ என்று நெடுநாளாகவே சந்தேகம். மத்தியாஸ் விட்லிங்கர், ரூடிகர் வேனர், ஹரால்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைச் சோதிக்கக் கண்டுபிடித்த உபாயம்தான் அழகு. புற்றிலிருந்து இரை வைத்த இடத்துக்கு எறும்புகள் 10 மீட்டர் நடந்து வந்தன. அங்கே அவற்றைப் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் கட்டிவிட்டார்கள். வேறு சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். பிறகு இரையோடு விட்டார்கள்.

பொய்க்கால் எறும்புகள் புற்றின் தூரத்தைத் தாண்டி 15 மீட்டர் போய், அங்கே சுற்றிச் சுற்றித் தேடின. கால் குட்டையானவை 6 மீட்டர்கூட எட்டாமல் நின்று தேடின. வந்தபோது எத்தனை அடி வைத்தனவோ அத்தனையே திரும்பவும் வைத்திருக்கின்றன. அடியின் நீளம்தான் மாறிவிட்டது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதே பொய்க்காலோடு புற்றிலிருந்தே கிளம்பவிட்டபோது, போகும் அடியும் வரும் அடியும் ஒரே நீளம் என்பதால், சரியான இடத்துக்கே வந்து சேர்ந்தன. காலில் ஒட்டிய பசையோ வலியோ அவற்றைக் குழப்பவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. ‘எறும்புகள் காலடி எண்ணுகின்றன’ என்ற ஒற்றை வரியையும் இந்தக் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி ஒரு துணுக்கு. கதையோ, ஒரு கேள்வியை எப்படிக் கேட்டால் எறும்பே பதில் சொல்லும் என்பதைப் படிப்பவருக்குக் கற்றுத் தருகிறது. எறும்புகளுக்கு நேர்ந்த துன்பத்தையும் எழுதுபவர் மறைக்கக் கூடாது. அதுவும் கதையின் பகுதிதான்.

விநோத ஆய்வுகளைக் கொண்டாடவே ஒரு பரிசு இருக்கிறது. மார்க் ஆப்ரஹாம்ஸ் 1991இல் தொடங்கிய இக் நோபெல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படுகிறது. காந்தப்புலத்தில் தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்ட ஆந்த்ரே கைம் 2000இல் இதைப் பெற்றார். 2010இல் கிராஃபீனுக்காக உண்மையான நோபெலையே பெற்றார். பக்கத்து வீட்டுச் செய்தியும் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கே.பி. ஸ்ரீகுமாரும் ஜி. நிர்மலனும் இந்திய யானையின் உடற்பரப்பைக் கணக்கிட்டதற்காக 2002இல் பரிசு பெற்றார்கள். யானையின் உயரமும் முன்னங்காலின் பாதச் சுற்றளவும் தெரிந்தால் போதும், மொத்தத் தோலின் பரப்பு கிடைத்துவிடும். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு விலங்கின் உடல் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அறிய உடற்பரப்பு வேண்டும். யானையைப் போர்வையால் சுற்றி அளக்க முடியாது. யானைப் பாகன்களும் கோவில் யானைகளும் உள்ள நாட்டில் இதைப் பரிசுச் செய்தியோடு விட்டுவிடுவது பெரிய இழப்பு.

இனிப்பான செய்தியின் ஆபத்தையும் பார்க்க வேண்டும். 2015இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், சாக்லேட் தின்றால் உடல் எடை வேகமாகக் குறையும் என்ற ஆய்வை வேண்டுமென்றே மோசமாக நடத்தி வெளியிட்டார். பொய்த் தரவு எதுவும் இல்லை. உண்மையான ஆட்கள், உண்மையான அளவுகள். ஆனால் ஆட்கள் 15 பேர். அளந்தவையோ எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்கள். இத்தனை சிறு கூட்டத்தில் இத்தனை விஷயங்களை அளந்தால், ஏதோ ஒன்று தற்செயலாகவே சாதகமாக வரும். பல நாட்டுப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடி வெளியிட்டன. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்ற ஒரு கேள்வி போதும், அந்தச் செய்தி மேசையிலேயே செத்திருக்கும். நம் பத்திரிகை அலுவலகங்களில் அறிவியல் செய்தி மொழிபெயர்ப்பவரிடம் முதலில் கேட்கச் சொல்லித்தர வேண்டிய கேள்வி இதுதான்.

நல்ல செய்திக்கு வேறொரு சங்கடம்: அது மெதுவாக நடக்கிறது. நரம்புச் சிலந்தி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்து நீரிலுள்ள நுண்ணிய நீருயிரியோடு உடலுக்குள் போகும் புழு, ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை நீண்டு, காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுக்க வேண்டும். 1986இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இது இருந்தது. 2022இல் 13 பேருக்கு. இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. துணியில் நீரை வடிகட்டியதும், நோயாளியைக் குளத்தில் கால் வைக்காமல் தடுத்ததும், ஊர் ஊராகப் போய்ச் சொன்னதும்தான் இதைச் சாதித்தன. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் இருந்தார். 2000இல் நோயற்ற நாடாகச் சான்று கிடைத்தது. இது எந்த ஒரு நாளிலும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. கொள்ளை நோய் ஒரே நாளில் செய்தியாகிறது, அது ஒழிவதற்கோ பல பத்தாண்டுகள் பிடிக்கின்றன. ஓசோன் படலமும் அப்படித்தான். 1985இல் ஓட்டை தெரிந்தது, 1987இல் மான்ட்ரியல் உடன்பாடு வந்தது. அண்டார்டிகாவுக்கு மேல் 2066 வாக்கில் படலம் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்கிறது ஐ.நா. ஆதரவில் 2023இல் வந்த மதிப்பீடு. இப்படிப்பட்ட செய்திகளுக்கு ஆண்டுக்கொரு முறை திரும்பிப் பார்க்கும் பத்தி வேண்டும்.

நல்ல செய்தி வாசகரை எட்டாத இந்த இடைவெளியில்தான் பொய்ச் செய்தி குடியேறுகிறது. திருநள்ளாற்றுக் கோவிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிடுகின்றன என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அது நின்றால் விழுந்துவிடும். கோவில் மீதான பக்தி வேறு, இந்தச் செய்தி வேறு. ஆனால் இதை அனுப்புகிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. தம் மண்ணும் விண்வெளியும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும் என்று விரும்புகிறார்கள். நியாயமான ஆசை. அதற்கு உண்மையான செய்தி நம்மிடம் இருக்கிறதே! 1977 மார்ச் 10 இரவு, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில், யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி ஒரு முறை மங்கியது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் பதிவுசெய்து, புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதினார்கள். அதே இரவில் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்குக் கோளின் இருபுறமும் ஒத்த மங்கல்கள் கிடைத்தன. அவை யுரேனஸின் வளையங்கள். மலைமேல் கண்ட மங்கல் நிஜம், அதன் பொருளைப் பல இடத்துக் கண்கள் சேர்ந்துதான் உறுதி செய்தன. திருநள்ளாற்றுக் கதையைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு சுவையானது.

இன்னும் கிட்டத்தில் ஒன்று: மிருதங்கம். சீராக இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் முழு எண் மடங்குகளில் அமைவதில்லை; முதல் மேலொலியே அடிப்படை ஒலியைப் போல 1.59 மடங்கு. அதனால்தான் சாதாரண முரசில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவே அப்பும் கரணை, சோறும் கல்பொடியும் சேர்த்துப் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்தது, அந்த விகிதத்தை மாற்றிவிடுகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதைக் குறித்தார். 1934இல் விரிவாக ஆராய்ந்தார். தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி அதிரவிட்டால், தோல் அசையாத கோடுகளில் மணல் சேர்ந்துகொள்ளும். அந்த வடிவங்களிலிருந்து, ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்து இசைவொலிகளாக ஒன்றுசேர்வதைக் காட்டினார். நோபெல் பெற்ற கை, தோல் கருவி செய்வோரின் நுட்பத்தின் முன் வியந்து நின்ற தருணம் அது. அந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதிவிட்டார். மிருதங்கம் கற்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மணல் வடிவங்களைப் பார்த்திருப்பார்கள்?

மார்கழிக் கச்சேரிக் காலத்தில் ஒவ்வொரு இதழும் சிறப்பிதழ் போடுகிறது. அதில் நான்கு பக்கம் ஒதுக்கி, கரணை தேய்ப்பவர் ஒருவரையும் ஒலியியல் ஆசிரியர் ஒருவரையும் ஒரே மிருதங்கத்தின் முன் உட்காரவைத்து, மணல் தூவச் சொல்லிப் படம் எடுத்துப் போடலாம். பொய்க்கால் எறும்புக்கு அடுத்த இதழில் இடம் இருக்கிறது.