பச்சையை எடுத்துவிட்டால் பாக்கி என்ன?

ஜாம் என்றதும் ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இது வேற ஜாம். நாலு வாத்தியக்காரர்கள் ஒத்திகை எதுவும் இல்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து, அந்த நேரத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதை வாசிப்பார்களே, அந்த ஜாம். 2002-ல் அமெரிக்காவில் சில கம்ப்யூட்டர் விளையாட்டு ஆசாமிகள் இந்த வார்த்தையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். சொன்ன நாளுக்குள் ஒரு வீடியோ கேமை யோசித்து, படம் போட்டு, சத்தம் சேர்த்து, ஓடவும் வைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் கேம் ஜாம். பரிசு? பெரும்பாலும் கைத்தட்டல்தான்.

இதில் ஒரு வினோதமான கிளை உண்டு. ஜிபி ஜாம். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் கலந்துகொள்கிறார்கள். முக்கிய விதிகள் இரண்டு. திரை அகலம் 160 புள்ளி, உயரம் 144 புள்ளி. நிறம் நாலே நாலு. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1989-ல் விற்பனைக்கு விட்ட கேம் பாய் என்ற கையடக்கக் கருவியின் அளவு இது. பர்மா பஜார் 'பிரிக் கேம்' டப்பாவைத் தட்டி விரல் தேய்ந்தவர்களுக்கு இந்தக் குடும்பம் பரிச்சயம்தான்.

பி.காம். படித்தவனுக்கு எண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. 160-ஐ 144-ஆல் பெருக்கினால் 23,040 புள்ளிகள். ஃபுல் ஹெச்.டி. திரையில் 20,73,600. வகுத்துப் பாருங்கள், கச்சிதமாக 90 மடங்கு. மீதி பூஜ்யம். அதாவது, தொண்ணூறு ரூபாய் வைத்திருப்பவர் எண்பத்தொன்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு ரூபாயில் விருந்து சமைக்கிறேன் என்கிறார். எதற்கு?

'எல்லாம் பழைய ஞாபகம் சார்' என்பது சுலபமான பதில். கேம் பாய் கடைக்கு வந்தபோது பிறந்தே இராதவர்களும் இதில் முட்டி மோதுகிறார்கள். இல்லாத ஞாபகம் எங்கிருந்து வரும்?

கொஞ்சம் பின்னால் போகலாம். கேம் பாய்க்குப் பின்னாலிருந்த மூளை குன்பெய் யோகோய். அவர் கொள்கை எளிமையானது. புத்தம் புது தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. பழசாகி, விலை இறங்கி, குணம் தெரிந்துவிட்ட சமாசாரத்தை எடுத்துப் புதுசாக ஒரு வேலை கொடு. அதே 1989-ல் அட்டாரி லிங்க்ஸ் கலர் திரையோடு வந்தது. அடுத்த வருஷம் செகாவின் கேம் கியர், அதுவும் கலர். இரண்டுமே ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயோ நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. கலர் கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. விலையும் குறைவு. பிறகு வந்த கேம் பாய் கலரையும் சேர்த்தால் விற்றது 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல்!

ஆக, அந்தப் பாசிப் பச்சைத் திரை யாரும் அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்ததல்ல. கணக்குப் பார்த்து ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் எனக்கு ஜிபி ஜாமோடு ஒரு சண்டை. அதன் விதிகள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அளக்கின்றன. நிஜக் கருவியில் ஓடியே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. அசல் கேம் பாயில் ஒரே கிடைக்கோட்டில் பத்து உருவங்களுக்கு மேல் வந்தால் பதினொன்றாவது மறைந்துவிடும். வேலை செய்யும் நினைவகம் 8 கிலோபைட். அந்தக் கஷ்டம் எதுவும் படாமல், நவீன கம்ப்யூட்டரின் முழு பலத்தோடு ஒரு கேமைச் செய்து, மேலே பச்சை பூசி அனுப்பலாம். விதிப்படி குற்றமில்லை. ஆனால், ஏ.சி. ஹோட்டலில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு 'கிராமத்து விருந்து' என்று போர்டு வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பச்சை மட்டும் எவ்வளவு தூரம் போகும்? எவோலேண்ட் ஒரு நல்ல உதாரணம். 2012-ல் லூடம் டேர் என்கிற 48 மணி நேர ஜாமில் நிக்கோலா கன்னாஸ் செய்தது. அந்தத் தடவை கொடுத்த தலைப்பு 'பரிணாமம்'. கதாநாயகன் பழைய கருப்பு வெள்ளை உலகத்தில் கிளம்புகிறான். பெட்டி திறக்கத் திறக்க கலர் வருகிறது, இசை வருகிறது, கடைசியில் முப்பரிமாணமே வந்துவிடுகிறது. பிரமாதமான ஜோக். ஜாமில் ஜெயித்தது. 2013-ல் அதையே இழுத்து, விலை போட்டு விற்றார்கள். ஜோக் அதே ஜோக்தான், சொல்லி முடிக்க மட்டும் சில மணி நேரம். 'அட, அந்தக் காலத்துல இப்படித்தானே இருந்தது' என்று நாலு தடவை சிரித்தபின், சண்டைக் காட்சிகளில் சாரமில்லை என்பது உறைக்கிறது.

மறுபக்கம், செலஸ்ட். 2015-ல் மேடி தார்சனும் நோயல் பெர்ரியும் நாலே நாளில் செய்தது. பிகோ-8 என்கிற கருவிக்காக. யாரும் தொழிற்சாலையில் தயாரிக்காத, கம்ப்யூட்டருக்குள்ளேயே வாழும் கற்பனைக் கருவி அது. 128-க்கு 128 புள்ளி, 16 நிறம். மலை ஏற வேண்டும். அந்தரத்தில் ஒரு தடவை பாயலாம். தரையைத் தொட்டால்தான் அடுத்த பாய்ச்சல். பாய்ச்சல் பாக்கி இருக்கிறதா என்று எப்படிக் காட்டுவது? மீட்டர் வைக்க இடமேது! தலைமுடியைப் பாருங்கள். சிவப்பென்றால் இருக்கிறது, நீலமென்றால் தீர்ந்தது. கண் ஏற்கெனவே எங்கே இருக்கிறதோ அங்கேயே சேதி. 2018-ல் பெரிய செலஸ்ட் வந்தபோது, இடம் தாராளமாக இருந்தும் அந்தத் தலைமுடி உத்தியை அவர்கள் கைவிடவில்லை. நெருக்கடியில் பிறந்த யோசனை, வசதி வந்தபிறகும் நின்றது. இதைத்தான் நான் சரக்கு என்கிறேன்.

ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்கிற போட்டிகள் நமக்குப் புதிதல்ல. தளை தட்டாதது நுழைவுச்சீட்டு மட்டுமே. அதற்காகவே மாலை போட்டால், கவிதை வாசலிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் விதியை இறுக்கிவிடலாமா? கூடாது. முதல் தடவை கேம் செய்கிறவருக்கு நாலு நிறம் என்பது தண்டனையல்ல, சலுகை. ஓவியம் வராதவர்கூட பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் ஒரு பூனையைத் தேற்றிவிடலாம். கெடு இருப்பதால் அரைகுறையாகவாவது முடிப்பார். 'எப்போதோ செய்யப்போகிற' மகா கேமைவிட, முடிந்துபோன பூனை மேல். நிஜமாகவே கேம் பாயில் ஓட வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு, 2019-ல் வந்த ஜிபி ஸ்டூடியோ இருக்கிறது. இலவசம். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

மாற வேண்டியது விதியல்ல, மார்க் போடுகிற நம் கை. இந்த கேம்களில் பலவற்றைக் காசு கொடுக்காமலே விளையாடலாம். ஐந்து நிமிஷம் விளையாடுங்கள். பிறகு மனசுக்குள் அந்தப் பச்சையை அழித்துவிட்டுப் பாருங்கள். பாக்கி ஏதாவது இருந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். ஒன்றுமில்லையா? அதையும் செய்தவரிடம் சொல்லுங்கள், பதமாக. அடுத்த ஜாமுக்கு அவருக்கு உபயோகப்படும்.