கடைசிப் பத்து நிமிடம்

எண்பதுகளில் பம்பாய் காட்கோபர் காமராஜ் நகரில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால் எங்களுக்கு அன்று திருவிழா. ஓர் இரவுக்கு மூன்று கேசட். முதலில் சண்டைப் படம். குழந்தைகள் தூங்கிய பிறகுதான் குடும்பப் படம். 'அந்த 7 நாட்கள்' (1981) படத்தை நான் அத்தையின் மடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன். போன தீபாவளிக்கு அவருடைய பேத்தியோடு மறுபடி பார்த்தேன். படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "மாமா, யாரோட வாழணும்ங்கிறது அவ முடிவு இல்லையா?"

அவள் கேட்டது சரி. கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட வசந்தியைக் காதலனிடம் சேர்த்துவைக்கக் கணவனே முன்வருகிறான். ஆனால் ஆர்மோனியத்தோடு பாட்டுக்கு வாய்ப்புத் தேடி அலையும் பாலக்காட்டு மாதவன், தாலியின் பெயரைச் சொல்லி அவளைக் கணவனிடமே விட்டுவிட்டுப் போகிறான். பாக்யராஜ், அம்பிகா, ராஜேஷ் மூவரும் இன்றைக்கும் நம்மைக் கட்டிப்போடுகிறார்கள். அதிலும் கணவனாக வரும் ராஜேஷின் நிதானம் அபாரம். படத்துக்கு வயதாகிவிட்டது என்றால், அது அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தால்தான்.

தமிழின் காதல்-குடும்பப் படங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான் என்பது என் எண்ணம். சிக்கலை உண்மையாகப் போடுவார்கள், அவிழ்க்கும்போது பயந்துவிடுவார்கள். ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' (1959) படத்தில் தங்கை தன் காதலை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறாள். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இன்னும் கூர்மையானது. நோயாளிக் கணவன் முத்துராமன், தான் இறந்தபின் உன் பழைய காதலரான டாக்டரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அதைக் கேட்கும் தேவிகாவின் முகத்தில் கோபம், அவமானம், பயம் எல்லாம் ஒருசேர வருகின்றன. அறுபது ஆண்டு கழித்தும் அந்த முகம் பழசாகவில்லை. கதையோ டாக்டரைச் சாகடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. தமிழர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 'தில் ஏக் மந்திர்' (1963), 'வோ சாத் தின்' (1983) என்று 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'அந்த 7 நாட்கள்' இரண்டையும் பம்பாய் இந்தியில் எடுத்தபோதும் முடிவைத் தொடவில்லை.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) பாதி தப்பித்தது. திவ்யா கல்யாணத்துக்குச் சம்மதிப்பது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததால்தான். நம் சினிமாவில் அப்பாக்களின் நெஞ்சுவலி முடித்துவைத்த கல்யாணங்கள் எத்தனையோ! ஆனால் டெல்லிக்குப் போனதும் படம் வேறாகிவிடுகிறது. என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் அவள் விவாகரத்துக் கேட்கிறாள். அவளுக்காக வாங்கிய கொலுசு அவனிடமே இருக்கிறது. கணவனாக வரும் மோகனுக்குக் குரல் கொடுத்தவர் எஸ்.என். சுரேந்தர். குரல் இரவலாக இருந்தும், அடிபட்டதை வெளியே காட்டாமல் நிற்கும் அந்த உடம்பு மோகனுடையது. திவ்யாவாக வரும் ரேவதி அந்தக் காட்சியில் இரக்கத்துக்காகக் கொஞ்சமும் ஏங்கவில்லை. கடைசியில் கணவனோடு சேர்ந்தாலும், வேண்டாம் என்றதும் வேண்டும் என்றதும் அவள்தான்.

அதே ஆண்டு வந்தது விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. மேடை நாடக வாடை அடிக்கும் படம். வசனம் வசனமாகப் பேசித் தீர்ப்பார்கள். தொழில்நுட்பத்தில் ஸ்ரீதரின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனாலும் இந்த ஐந்தில் இதுவே பழசாகாதது என்று உறுதியாகச் சொல்வேன். அப்பா விசுவும் மகன் ரகுவரனும் சண்டைபோட்டு வீட்டின் நடுவே கோடு கிழிக்கிறார்கள். எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு ரூமில், ஏழு பேர் படுக்கும் இடத்தில், கோடு கிழிக்கத் தரை ஏது என்று, கேசட்டில் படம் பார்த்த அன்று எங்கள் சாலே (வரிசைக் குடியிருப்பே) சிரித்தது. பிறகு எல்லோரும் சமாதானமாகிறார்கள். வேறு படமாக இருந்தால் அங்கே சுபம் போட்டிருப்பார்கள். இங்கே மருமகள் உமா (லட்சுமி) மறுக்கிறாள். தனியாக இருந்து, அவ்வப்போது வந்துபோய், பிரியத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்கிறாள். அழுகை இல்லை, சாபம் இல்லை.

அன்று ராத்திரி அத்தை கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.