பாடுகளின் பாட்டும் அடிமைத் தளையும்

1967-ஆம் ஆண்டு மே மாதத்தில், மணிலாவை அடுத்த பாசாய் நகரில், கையில் வெட்டரிவாளும் கழுத்தில் தாயத்துமாய்த் திரண்டு நின்ற ஏழை உழவர்களைக் காவற்படை சுட்டு வீழ்த்தியது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். லாப்பியாங் மலாயா என்னும் அந்த இயக்கத்தின் முதிய தலைவர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கற்றவர் பலர் இதனைப் பித்தரின் செயல் என்று ஒதுக்கிவிட்டனர். பிலிப்பீன்ஸ் நாட்டு வரலாற்றறிஞர் ரெய்னால்டோ இலேத்தோ அவ்வாறு ஒதுக்கவில்லை. 1979-இல் வெளிவந்த 'பாசியோனும் புரட்சியும்' என்ற அவரது ஆங்கில நூல் இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றது.

ஐரோப்பியர் ஆண்ட நாடுகளின் பண்பாட்டை ஆராயும் பின்காலனிய நூல்களை நாம் படிக்கும்போது ஒரு பல்லவி அடிக்கடி காதில் விழுகின்றது: வாளும் சிலுவையும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்பதே அது. அதில் உண்மை இல்லையென்று நாம் வாதிடப் போவதில்லை. 1849-இல் கிளாவேரியா என்னும் ஸ்பானிய ஆளுநர், அகரவரிசையில் அச்சிட்ட குடும்பப் பெயர்ப் பட்டியலை ஊர்தோறும் பகிர்ந்தளித்து மக்களுக்குப் பெயரிடச் செய்தார். (பர்னாந்து, ரொட்ரிகோ என்ற பெயர்களைத் தாங்கும் நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. இங்கே அப்பெயர்கள் ஆளுநரின் ஆணையால் வரவில்லை. 1530-களில் தொடங்கிய போர்த்துக்கீசியத் திருமுழுக்கின் வழியே வந்தன.) ஆனால் இலேத்தோ கேட்கும் கேள்வி வேறு. துறவியர் கொடுத்ததை மக்கள் எப்படிக் கேட்டனர்?

பாசியோன் என்பது இயேசுவின் பாடுகளைத் தகாலோக் மொழியில் பாடும் நெடும்பாட்டு. அடிக்கு எட்டு அசை, ஐந்தடிக்கு ஒரு கண்ணி. 1814-இல் அச்சேறிய பாடமே பெருவழக்காயிற்று. தவக்காலத்தில் இதனை இரவு பகலாகப் பாடுவர். வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அக்காட்சியை விளக்கத் தேவையில்லை. ஸ்பெயினுக்குப் பணிந்திரு, துன்பத்தைப் பொறுத்திரு, மறுவுலகை நினைத்திரு என்று கற்பிக்கவே ஆட்சியாளர் இப்பாட்டை விரும்பினர். பாடியவர்களோ வேறொன்றையும் கண்டனர். தச்சனின் மகன் என்று பெரியோர் இகழ்ந்த ஒருவர், எழுத்தறியாத எளியோரைக் கூட்டிக்கொண்டு, தாயிடம் விடைபெற்றுச் சாவை நோக்கி நடக்கின்றார். அதிகாரம் அவரைக் கண்டு நடுங்குகின்றது.

நூலின் வளமான பகுதி சொற்களைப் பற்றியது. 'லோப்' என்றால் உள்ளம். 'தாமாய்' என்றால் பிறர் துயரில் பங்கேற்றல். விடுதலையைக் குறிக்கும் 'கலாயான்' என்ற சொல்லுக்குள், தாய்மடியில் குழந்தை துய்க்கும் செல்லத்தைச் சுட்டும் 'லாயாவ்' ஒலிப்பதை அவர் காட்டும் இடத்தில் நாம் சற்று நேரம் நூலை மூடிவைத்தோம். அந்தச் சொல் பாரிசிலிருந்து இறக்குமதியானதன்று. தாயை இழந்த ஏக்கத்திலிருந்து பிறந்தது. கத்திப்புனான் என்னும் விடுதலைச் சங்கத்தின் தலைவர் போனிஃபாசியோ 1895-ஆம் ஆண்டுப் புனித வாரத்தில் தோழரோடு மலைக்குகைக்குச் சென்றது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்குகின்றது.

இனி நம் ஐயத்தைச் சொல்ல வேண்டும். பாட்டின் வரிகளிலிருந்து பாடுவோரின் நெஞ்சை இவ்வளவு உறுதியாகப் படித்துவிட முடியுமா? மிலாக்ரோஸ் குவெரெரோ என்ற வரலாற்றாசிரியர் 1981-இல் இந்நூலைக் கடுமையாகவே விமரிசித்தார். மறுஆண்டு இலேத்தோ மறுமொழி எழுதினார். நம் ஊர்க் கோவிலிலேயே பாருங்கள்: கடலில் மாண்ட மகனை எண்ணி அழுபவளும், இராகத்திற்காக வந்திருப்பவனும், தூக்கத்தை அடக்கிக்கொண்டிருப்பவனும் ஒரே பாட்டைத்தான் கேட்கின்றனர். அவர்கள் அனைவருக்கும் இலேத்தோ ஒரே உள்ளத்தைத் தந்துவிடுகின்றார். ஆயினும் பித்தர் என்று ஒதுக்கப்பட்டோருக்கு ஓர் உள்ளம் உண்டென்று காட்டியதற்காக இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நமக்கு அரிதாய் இருந்த பக்கங்கள் வேறு. லுக்பான் ஊரைச் சேர்ந்த அப்போலினாரியோ தெ லா குரூஸ் என்ற இளைஞர் துறவற சபையில் சேர விரும்பி மணிலா சென்றார். அம்மண்ணின் மைந்தர் என்பதனாலேயே திருப்பி அனுப்பப்பட்டார். மருத்துவமனையொன்றில் பணிசெய்துகொண்டே 1832-இல் புனித சூசையப்பர் பெயரால் ஒரு பக்த சபை நிறுவினார். அதற்கு முறையான ஏற்பு வேண்டியும் கிடைக்கவில்லை. 1841-இல் படை வந்தது. அலித்தாவோவில் நூற்றுக்கணக்கானோர் வீழ்ந்தனர். நவம்பர் 4 அன்று அவர் கொல்லப்பட்டார். வயது முப்பதைத் தொடவில்லை. அவர் கேட்டதோ துறவியின் அங்கி. அதனை மறுத்தவர்கள் ஸ்பானிய ஆட்சியாளர் அல்லர், நம் திருச்சபையின் துறவியரே.