வாய்மைக்கு விலக்கு உண்டா? நோயை மறைக்கும் முடிவும் குறளின் வாய்மை அதிகாரமும்

ஆய்வுச்சுருக்கம்

கடும்நோயை நோயாளியிடமிருந்து குடும்பத்தார் மறைப்பது பரவலான வழக்கம். நன்மைக்காகக் கூறும் பொய்க்கு அரணாகத் திருக்குறளின் 292ஆம் குறளைக் காட்டுவதும் உண்டு. காண்ட், மில் ஆகியோரின் அறக்கோட்பாடுகளோடு வாய்மை, மருந்து ஆகிய அதிகாரங்களை ஒப்பிட்டு, அக்குறள் இவ்வழக்கத்துக்கு எந்த அளவு இடந்தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வாய்மை, பயன்வழி அறவியல், கடமைவழி அறவியல், பரிமேலழகர், மருத்துவ அறம்

முன்னுரை

புற்றுநோய் எனச் சோதனை முடிவு வந்ததும், 'அப்பாவிடம் சொல்ல வேண்டாம்' என்று மக்கள் மருத்துவரை வேண்டிக்கொள்வர். அவ்வேண்டுகோள் அன்பினால் எழுவது. ஆயினும் அன்பு ஒரு செயலுக்குக் காரணமாகலாம். அச்செயல் அறம் என்பதற்குச் சான்றாகாது.

இவ்வழக்கத்தைக் கீழைப் பண்பாட்டுக்கே உரியதெனக் கொள்வதும் பொருந்தாது. அமெரிக்காவில் 1961இல் வெளியான ஆய்வொன்றில், மருத்துவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் புற்றுநோயை நோயாளிக்கு அறிவிக்காதிருப்பதையே விரும்பினர். 1979இல் வெளியான ஆய்விலோ பத்தில் ஒன்பதின்மருக்கும் மேற்பட்டோர் அறிவிப்பதையே விரும்பினர். இருபதாண்டுக்குள் மாறக்கூடிய ஒன்று, பண்பாட்டின் மாறா இயல்பன்று. ஆராய்ந்து எடுக்கத்தக்க முடிவேயாகும்.

இரு கோட்பாடுகள்

கொலைகாரன் தேடிவரும் நண்பனைக் காப்பதற்கும் பொய் கூறலாகாது என்று இம்மானுவேல் காண்ட் 1797இல் எழுதினார். இக்கடுமை பலராலும் மறுக்கப்பட்டது. எனினும், மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்னும் அவரது அடிப்படை இங்குப் பொருந்துகிறது. நோயை மறைப்பவர், நோயாளி தம் எஞ்சிய வாழ்வைப் பற்றி எடுக்கவேண்டிய முடிவுகளைத் தாமே எடுத்துக்கொள்கிறார்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் வெளியிட்ட பயன்வாதம் பற்றிய நூலில், வாய்மைக்குரிய விலக்குகளுள் ஒன்றாக, கடும்நோயாளியிடம் தீய செய்தியை மறைப்பதையே எடுத்துக்காட்டுகிறார். இதனை மேற்கோள் காட்டுவோர் அவர் விதித்த வரம்பை விட்டுவிடுகின்றனர். தகாத பெருந்தீங்கிலிருந்து ஒருவரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் அவ்விலக்கு செல்லும். மாந்தர் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் நிலை குலையாதவாறு அதன் எல்லையும் வரையறுக்கப்பட வேண்டும்.

குறளின் நிலை

292ஆம் குறளை மட்டும் கொண்டு வள்ளுவரைப் பயன்வாதியாகக் காண்பது விரைந்த முடிவாகும். அக்குறள் கேட்பது நன்மையை மட்டுமன்று, குற்றம் நீங்கிய நன்மையை. பரிமேலழகர் அதனை அறம் எனக் கொண்டு, கேடோ சாவோ எய்தவிருந்த ஓர் உயிர் அப்பொய்யால் அதனின்று நீங்குதலை விளக்கமாகத் தருகிறார். புற்றுநோயை மறைக்கும் பொய் எவரையும் சாவிலிருந்து நீக்குவதில்லை. சிகிச்சைக்குரிய காலத்தைக் கடத்தவும் கூடும். அது தருவது சில நாள் அமைதியே.

அடுத்த குறள் பொய்யுரைத்தவரின் நெஞ்சையே சான்றாக நிறுத்துகிறது. இச்சான்றின்முன் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: மறைப்பதால் நீங்குவது நோயாளியின் அச்சமா, அவர்முன் அழ அஞ்சும் குடும்பத்தாரின் அச்சமா? பயனைக் கூட்டிக் கழிக்கும் கணக்கில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும். குறள் அவற்றைப் பிரிக்கிறது. வாய்மை அதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதும் இங்குக் கருதத்தக்கது. பொய்யால் தமக்கு வரும் நலனைத் துறந்தவரே இவ்விலக்கைக் கையாளத் தகுதியுடையவர்.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் நோயாளியை முதலில் எண்ணுகிறது. மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தல், மருந்தால் வரும் துன்பம் பொறுத்தல் ஆகியன நோயாளிக்குரியனவாகப் பரிமேலழகரால் சுட்டப்படுகின்றன. தம் நோயின் பெயரே அறியாதவர், முடி உதிர்வதையும் ஓயாத குமட்டலையும் எதன்பொருட்டுப் பொறுப்பார்?

ஒரு மறுப்பு

நோயாளியே அறிய விரும்பாவிடின்? அவர்மேல் உண்மையைச் சுமத்துவதும் தீங்கே. தீங்கற்ற சொல்லையே வாய்மை என வரையறுக்கும் 291ஆம் குறள் அதனையும் தடுக்கும். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றைக் கருதிச் செய்க என்னும் 949ஆம் குறளின் நெறியை மருந்துக்கு மட்டுமன்றிச் சொல்லுக்கும் விரித்துக்கொள்ளலாம். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே முதலில் கேட்டல், ஒரே நாளில் அனைத்தையும் கூறாமை, கேட்டதற்குப் பொய் கூறாமை ஆகியன அந்நெறியின்பாற்படும். காலமறிந்து கூறுவது வேறு, பொய் கூறுவது வேறு.

முடிவுரை

அறக்கோட்பாடுகள் அன்றாட முடிவை நமக்காக எடுத்துத் தருவதில்லை. எதனை மறந்து முடிவெடுக்கிறோம் என்பதைக் காட்டித் தருகின்றன. காண்ட் நோயாளியின் உரிமையையும், மில் விலக்கின் எல்லையையும், குறள் பொய்யுரைப்பவரின் நெஞ்சையும் நினைவூட்டுகின்றனர். நோயாளியைக் கேளாமல் நோயை மறைக்கும் வழக்கத்துக்கு 292ஆம் குறள் அரணாகாது என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.