அந்த அரை நொடிக்குள் யார் இருக்கிறார்கள்?

மாடித் தோட்டத்தில் ஒருவர் பனிமனிதன் செய்கிறார். வெயிலில் அது உருகத் தொடங்கியதும், குளிர்ந்த மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறார். இந்தக் குறும்படத்தை ஜெர்மன் ஆய்வாளர் ஹெர்த்தா ஸ்டர்மின் குழு சிறுவர்களுக்கு மூன்று விதமாகப் போட்டுக் காட்டியது: பேச்சே இல்லாமல், நடப்பதை மட்டும் சொல்லும் குரலோடு, உணர்ச்சி கலந்த குரலோடு. நடப்பதை மட்டும் சொன்ன படம்தான் பிள்ளைகளுக்கு மற்ற இரண்டையும்விடக் குறைவாகப் பிடித்தது; ஆனால் இதயம் வேகமாகத் துடித்தது அதற்குத்தான். தோல் அதிகமாக எதிர்வினை காட்டியதோ பேச்சில்லாத படத்துக்கு.

கோட்பாட்டாளர் பிரையன் மசூமி 1995-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தச் சோதனையிலிருந்துதான் புறப்படுகிறது. சொல்லும் பொருளும் ஒரு வழியில் போக, உடல் தன் வழியில் போகிறது என்றார் அவர். எல்லாவற்றையும் மொழியாகவும் குறியீடாகவும் மட்டுமே படித்துக்கொண்டிருந்த சமூகக் கோட்பாட்டுக்கு அது தேவையான அதிர்ச்சி. அமெரிக்க அதிபராக இருந்த ரீகன் போன்ற தலைவர் மக்களை ஈர்த்ததற்கு அவர் சொன்ன கருத்துகள் மட்டும் காரணமல்ல என்று விளக்க இப்பார்வை உதவியது. சொல்லுக்கு முன்பே உடலில் எழும் உணர்வை, அதாவது அஃபெக்டை, ஆராயும் அஃபெக்ட் ஆய்வுகளின் பெரும் பலம் இது.

சிக்கல், அறிவியலைக் கடன் வாங்கும் விதத்தில் இருக்கிறது. கையசைக்க நினைத்ததாக ஒருவர் உணரும் நேரத்துக்கு முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது என்று நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் காட்டினார். இதையும் அவருடைய வேறு சோதனைகளையும் கொண்டு, நனவுக்கு முந்தைய அரை நொடியை அர்த்தத்துக்கு அப்பாற்பட்ட வெளியாக்கினார் மசூமி. இந்தச் சோதனைகளிலிருந்து அந்த முடிவு வராது என்று அறிவியல் வரலாற்றாசிரியர் ரூத் லேஸ் 2011-இல் விரிவாக மறுத்தார். அடுத்த ஆண்டே ஆரன் ஷர்கர் குழு, அந்த மின்மாற்றம் மூளையின் தற்செயல் ஏற்ற இறக்கங்கள் சேர்ந்ததன் விளைவாகவும் இருக்கலாம் என்றது. ஆய்வுக்கூடத்தில் இப்படி விவாதம் ஓயாமல் நடக்கிறது. கோட்பாட்டாளர் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு, விவாதத்தை அங்கேயே விட்டுவிடுகிறார்.

என் மறுப்பு இன்னும் அடிப்படையானது. ரயிலில் தன்னைப் பார்த்துப் பயந்து அலறிய வெள்ளைச் சிறுவனைப் பற்றி கறுப்பினச் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ஃபனோன் 1952-இல் எழுதினார். அந்தப் பயம் யோசித்து வந்ததல்ல. ஆனால் அந்தச் சின்ன உடலுக்குள் காலனியத்தின் கதைகளும் படங்களும் ஏற்கெனவே குடியேறியிருந்தன. பண்பாட்டுக் கோட்பாட்டாளர் சாரா அகமது 2004-இல் இந்தக் காட்சியை எடுத்துப் பேசும்போது, பயம் ஓர் உடலில் ஒட்டிக்கொள்வதற்குப் பின்னாலுள்ள வரலாற்றைத் தேடுகிறார். வேகமாக வருவது என்பதால் ஒன்று சமூகத்துக்கு முந்தையதாகிவிடாது. இதை மறந்தால், நிறவெறியை இயற்கையான உடல் அனிச்சை என்று சொல்பவர்களிடம் நமக்குப் பதிலே இருக்காது.

இயற்கை அறிவியலோடு உறவு வேண்டுமென்றால் அதற்கு நல்ல வழி இருக்கிறது. 1996-இல் நான்சி கிரீகரும் ஸ்டீஃபன் சிட்னியும் அமெரிக்காவின் கறுப்பின, வெள்ளை இளைஞர்களிடம் பாகுபாட்டையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். உழைக்கும் வர்க்கக் கறுப்பினத்தவரில், அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டவர்களைவிட எதிர்த்துக் கேட்டவர்களுக்கு அழுத்தம் குறைவாக இருந்தது. இங்கே உடலும் வர்க்கமும் நிறமும் ஒரே கணக்கில் வருகின்றன; அந்தக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்கவும் முடியும். அஃபெக்ட் கோட்பாட்டாளர்கள் உட்கார்ந்து பேச வேண்டியது இத்தகைய ஆய்வாளர்களோடுதான்.