‘அறியப்பட்ட கோப்பு’ என்னும் வகைப்பாடு: ஒரு மதிப்பீடு

புலனாய்வில் கைப்பற்றப்படும் கணினியொன்றில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை இயங்குதளத்துக்கும் பொதுச் செயலிகளுக்கும் உரியவை. பயனர் உருவாக்கியவை அல்ல. அவற்றைத் திறந்து பாராமலே விலக்குவதற்கு ஹாஷ் மதிப்பு உதவுகிறது. கோப்பின் பைட்டுகள் அனைத்தையும் நிலையான நீளமுடைய ஓர் எண்ணாகச் சுருக்கும் இம்முறையில், ஒரு பிட் மாறினாலும் மதிப்பு வேறாகிவிடும். அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் பேணும் தேசிய மென்பொருள் ஆதார நூலகம் இம்மதிப்புகளைத் தொகுத்து வெளியிடுகிறது. மென்பொருள்களின் மூலப்படிகளையும் அது காத்துவருவதால், ஒரு மதிப்பு எங்கிருந்து பெறப்பட்டது என்பதைச் சரிபார்க்க இயலும். பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்திற்குச் சுவடியைச் சுட்டுவதை ஒத்தது இது.

ஆகவே ‘அறியப்பட்டது’ என்பதற்கு, தோற்றுவாய் அறியப்பட்டது என்பதே பொருள், தீங்கற்றது என்பதன்று. ஊடுருவல் கருவிகளும், படத்தினுள் செய்தியைப் புதைக்கும் செயலிகளும்கூட இத்தொகுப்பில் உள்ளன. எனினும் இதனை ‘நல்ல கோப்புகளின் பட்டியல்’ எனக் கொள்ளும் வழக்கம் தடயவியலில் வேரூன்றியுள்ளது. பட்டியலில் உள்ளவற்றை முழுமையாக விலக்கும் ஆய்வாளர், தரவை மறைக்கும் செயலியொன்று அக்கணினியில் இருந்தது என்னும் சான்றையே இழக்க நேரிடும். வழக்கின் போக்கு அச்சான்றைச் சார்ந்தும் இருக்கலாம்.

இம்முறைக்கு எதிராகப் பெரிதும் எழுப்பப்படும் தடை வேறொன்று. எம்டி5 முறையில் 2004இலும் எஸ்எச்ஏ-1 முறையில் 2017இலும், வேறுபட்ட இரு தரவுகள் ஒரே மதிப்பைத் தருவது மெய்ப்பிக்கப்பட்டது. இத்தடை மிகைப்படுத்தப்படுகிறது என்பதே என் கருத்து. அவ்விரு நேர்வுகளிலும் இரு தரவுகளையும் தாக்குவோரே திட்டமிட்டு உருவாக்கினர். முன்பே வெளிவந்த கோப்பொன்றின் மதிப்பைப் பெறும் போலியை உருவாக்குவது இதனினும் மிகக் கடினம். எம்டி5 முறையிற்கூட அது நடைமுறையில் இயலவில்லை. எஸ்எச்ஏ-256க்கு மாறுவது நன்றே; ஆயினும் பெயரால் விளையும் பிழையை அது களையாது.

பட்டியலில் இல்லாமையும் ஐயத்திற்குரிய சான்றாகாது. ஹாஷ் பைட்டுகளை மட்டுமே அறியும். தமிழ் மின்பாடங்களே இதற்குத் தக்க சான்று. யூனிகோடில் ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தோன்றாது. ஹாஷ் மதிப்போ வேறுபடும். எனவே மின்பாடங்களை ஒப்பிடும் தமிழ் மின்னூலகங்கள், மூலக்கோப்பு சிதையாமையைக் காட்ட ஒரு மதிப்பையும், குறியீடுகளைச் சீராக்கிய படிக்கு மற்றொரு மதிப்பையும் தனித்தனியே பதிந்துவைத்தல் வேண்டும்.